கல்யாணப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லிவைத்தவர் புருஷராகத்தான் இருக்க வேண்டும். பெண்ணாக இருந்திருந்தால், "கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு வீட்டை நடத்திப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பாள்!

உண்மைதானே? தாம்பூலம் மாற்றிய மறுநாளே விளக்குத்தூண் பக்கம் ஜவுளி பார்க்கப் போக வேண்டும். தெற்காவணி மூல வீதியில் நகைக்கு அச்சாரம் கொடுக்க வேண்டும். பத்திரிகை, பாத்திரம், சமையல்காரர், மண்டபம் என்று ஜாபிதா அனுமார் வால் போல நீண்டுகொண்டே போகும். அதற்காகப் பால்காரர் வராமல் இருப்பாரா? தம்பிக்குப் பரீட்சை நிற்குமா? கல்யாணப் பெண்ணும் காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவுடன் ஆபீசுக்கு ஓடத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த அமளியில் முதலில் பலியாவது எது தெரியுமா? அந்தப் பெண்ணின் கைவேலை. அவள் பூத்தையல் போடுகிறவளாக இருக்கலாம், படம் வரைகிறவளாக இருக்கலாம், கம்பளி பின்னுகிறவளாக இருக்கலாம். "இப்போது எதற்கடி இதெல்லாம்? கல்யாணம் முடியட்டும்" என்று அம்மா ஒரு வார்த்தை சொல்வாள். தப்பாகச் சொல்லவில்லை; பாவம், அவளுக்கு ஆயிரம் கவலை. கல்யாணம் முடியும். "புது இடம், கொஞ்சம் பழகட்டும்" என்று தோன்றும். பிறகு "குழந்தை நடக்கட்டும்". அப்புறம் "பள்ளிக்கூடம் போகட்டும்". பரண் சுத்தம் செய்யும் ஒரு நாளில், பாதிப் பூவும் துருப்பிடித்த ஊசியுமாக ஒரு தையல் சட்டம் அகப்படும். எத்தனை வீடுகளில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகையால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டில் பெண்ணுக்குத் தினம் ஒரு மணி நேரம் அவள் கைவேலைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இது சோம்பேறி யோசனை அல்ல. மதுரைச் சீமையின் அழகான வேலைகள் பலவும் குடும்பக் காரியங்களுக்கு நடுவே, வீட்டு முற்றத்தில், பெண்கள் கையில் வளர்ந்தவைதாம்.

புள்ளியில் பிறந்த புடவை

சுங்குடிப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். நாயக்க மன்னர்கள் காலத்தில் மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிர சமூகத்தார் வளர்த்த கலை அது. மெல்லிய பருத்தித் துணியில் வரிசையாகப் புள்ளி குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், சிவப்பிலோ நீலத்திலோ வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம் பூத்தாற்போல் நிற்கும். வைகைத் தண்ணீரில் தோய்த்தால் சாயத்துக்குத் தனிப் பளபளப்பு என்று பழைய மனிதர்கள் சொல்வதுண்டு.

அந்தப் புள்ளிகளின் அமைப்புக்கு வாசல் கோலம்தான் பாடப் புத்தகம். காலையில் தரையில் வைத்த புள்ளியைப் பகலில் துணியில் வைத்தார்கள். சமையல் ஆனபின், குழந்தை தூங்கும்போது, அடுத்த வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே முடிச்சிட்டார்கள்.

நுணுக்கமான ஒரு புடவையில் 20,000 முடிச்சு வரை இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கை பழகிய ஒருத்தி நிமிஷத்துக்கு நாலு முடிச்சு போடுவதாக வைத்துக்கொள்வோம். 20,000 முடிச்சுக்கு 5,000 நிமிஷம், அதாவது 83 மணி நேரத்துக்கு மேல். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 42 நாள். கிட்டத்தட்ட ஒரு மண்டலம்! கோயிலுக்கு விரதம் இருப்பதுபோல் ஒரு புடவைக்கு விரதம் இருந்திருக்கிறார்கள்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று கடையில் 'சுங்குடி' என்று விரித்துப் போடும் புடவைகளில் பெரும்பாலானவை மெழுகு அச்சாலோ சாதாரண அச்சாலோ புள்ளி வைத்தவை. விலை மலிவு, கண்ணுக்கும் அழகு. அதைக் குறை சொல்வானேன்? ஆனால் கையால் முடிச்சிடும் பெண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பல நாள் குனிந்து உட்கார்ந்தவளுக்குக் கிடைக்கும் கூலி, அச்சுப் புடவையின் விலையோடு போட்டி போட முடியவில்லை. வாங்குகிறவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதும் ஒரு காரணம்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. அச்சுப் புள்ளிகள் பட்டாளத்துச் சிப்பாய்கள் மாதிரி ஒரே அளவாக நிற்கும். முடிச்சுப் புள்ளி ஒன்று போல் ஒன்று இராது. சற்றே பெரிது, சற்றே சிறிது என்று கை தெரியும். தோய்த்துப் பெட்டி போடும்வரை, முடிச்சிட்ட இடமெல்லாம் துணி சுருங்கி மேலெழும்பி நிற்கும்.

மொட்டும் நாரும்

அடுத்தது மல்லிகை. மதுரை மல்லிக்கும் 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வந்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் விடியுமுன்பே எழுந்து, வெயில் ஏறுவதற்குள் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தடித்த இதழ், அதனால் சீக்கிரம் வாடாது. காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் தலையில்தான் மலர வேண்டும் என்பது கணக்கு.

விலையிலும் ஒரு கணக்கு உண்டு. பங்குனியிலிருந்து ஆனி வரை வெயில் காலத்தில் செடி அள்ளிக் கொடுக்கும். பனி விழும் மார்கழியிலும் தையிலும் மொட்டு அருகிவிடும். தை பிறந்தாலோ கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கும். பூ குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். கிலோ ஆயிரங்களில் பறக்கிறது. தை முகூர்த்தம் வைத்தவர்கள் பூச்செலவுக்கு முன்கூட்டியே ஒரு தொகையை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

அந்த விலை கொடுத்து வாங்கும் பூவைப் பற்றி நம் பெண்களுக்கு என்ன தெரிகிறது? கணினியில் பத்து விரலும் பறக்கிற பெண்ணுக்கு நாலு மொட்டை நாரில் நிறுத்தத் தெரிவதில்லை. கஷ்டமான வித்தை ஒன்றும் இல்லை. வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து மெல்லியதாகக் கிழித்துக்கொள்ளுங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்பும் காம்பும் சேர வையுங்கள். நாரை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கண்ணி போட்டு இழுங்கள். காம்பு நசுங்கக் கூடாது, பூ நழுவவும் கூடாது. அந்தப் பதம் விரலுக்கு வர ஒரு வாரம் ஆகும். பாட்டி பக்கத்தில் இருந்தால் மூன்றே நாள்!

பிற கைகள்

மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டுக்குப் போனால் ஓலைக் கொட்டான்களைப் பார்க்கலாம். பனங்குருத்தோலையைக் கீறி, சாயமேற்றி, கட்டம் கட்டமாகப் பின்னிய சின்னஞ்சிறு கூடைகள். சீர் வரிசைக்கும் தாம்பூலத்துக்கும் அவைதாம். ஆச்சிமார் ஓய்ந்த வேளையில் பின்னி, கம்பளி நூலும் மணியும் கோத்து அழகு பார்ப்பார்கள். பழைய கொட்டானைக் கையில் எடுத்தால் "இது யார் பின்னியது" என்று பெயர் சொல்லும் வீடுகள் உண்டு.

இந்தக் காலத்துக் கைவேலை ஆரி. சட்டத்தில் துணியை முரசு போல் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை வாங்கிச் சங்கிலி சங்கிலியாகத் தைப்பது. முகூர்த்த ரவிக்கைக்கு ஆரி வேலை இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது. கூலியும் சில சமயம் புடவை விலையை எட்டிப் பிடிக்கிறது. வீட்டில் இருந்தபடி இதில் சம்பாதிக்கும் பெண்கள் பலர். கீழக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. இடம் மாறினாலும் ஊசிக்கு ஓய்வில்லை.

உலக்கை வேண்டாம்!

"அப்படியானால் பழைய காலம் போல அப்பளம், வடாம் எல்லாம் வீட்டிலேயே இட வேண்டுமா?" என்று ஒரு சகோதரி மிரள்வது தெரிகிறது. வேண்டவே வேண்டாம்! உலக்கை பிடித்து இடுப்பு ஒடிந்த பாட்டிமார்களைக் கேட்டால் அந்தக் காலத்தின் பெருமையோடு சேர்த்து வலியையும் சொல்வார்கள். கட்டாய வேலை வேறு, கைவேலை வேறு. இயந்திரம் அப்பளம் இடட்டும். மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கு பெண்ணுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆனால் கூடிச் செய்கிற வேலையில் ஒரு சந்தோஷம் உண்டு என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் ஊருக்கே விருந்து நடக்கிறது. முதல் நாள் இரவு பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்து மலை போல் குவிந்த காய்கறியை நறுக்கித் தள்ளுகிறார்கள். கூலி கிடையாது, கட்டாயம் கிடையாது. மறுநாள் சாப்பிட்டவர்கள் சொந்தக் கல்யாணம் போல மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். கத்தி பிடித்த ஒவ்வொருத்திக்கும் "அம்மன் கல்யாணத்தில் என் கையும் இருந்தது" என்ற திருப்தி. நம் வீட்டுப் பெண்ணுக்குத் தன் சொந்தக் கல்யாணத்தில் அந்தத் திருப்தி வேண்டாமா? எல்லாவற்றையும் கான்டிராக்டில் விட்டுவிட்டால், அவளும் அலங்கரித்த விருந்தாளியாக மேடை ஏறி இறங்கிவிடுகிறாள்.

எப்படி ஆரம்பிப்பது?

முழுப் புடவையில் கை வைக்காதீர்கள். ஒரு கைக்குட்டை போதும். மெல்லிய வெள்ளை மல் துணியில் பத்து அங்குலச் சதுரம் வெட்டி, கஞ்சி போக அலசி உலர்த்துங்கள். ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டு, ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகப் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது. மொத்தம் 81 புள்ளி. ஒவ்வொன்றையும் கிள்ளித் தூக்கி, உறுதியான நூலை ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி முடியுங்கள். புதுக்கை நிமிஷத்துக்கு இரண்டு போட்டாலும் நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும். பருத்திக்கு என்று கேட்டு வாங்கிய சாயப் பொடியைப் பொட்டலத்தில் கண்டபடி கரைத்துத் தோயுங்கள். கையுறை அவசியம். நிச்சயதார்த்தத்துக்கு நீல விரல்களோடு போய் நிற்க முடியாது! நிழலில் நன்றாக உலர்ந்தபின் அவசரப்படாமல் முடிச்சை அவிழுங்கள். கத்தரிக்கோல் போட்டால் துணியும் சேர்ந்து போகும்.

முதல் கைக்குட்டையில் பாதிப் புள்ளி மங்கலாகத்தான் இருக்கும். நூல் இறுகவில்லை என்று அர்த்தம். இரண்டாவதில் சரியாகிவிடும். மூன்றாவது முடிந்ததும், முடிச்சுச் சுங்குடியின் விலையைக் கேட்டு "இவ்வளவா?" என்று மூக்கில் விரல் வைக்க மாட்டீர்கள். சீர் வரிசையில் அப்படி ஒரு புடவை வாங்கி வைக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும். அந்த முடிச்சுக்காரியின் அடுப்பு எரியவும் அது உதவும்.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மணி நேரத்தில் பெண்ணைக் கூப்பிடாதீர்கள். டெலிபோன் வந்தால் நீங்களே பேசிவிடுங்கள். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். இன்னும் சில வாரத்தில் அவள் புறப்பட்டுவிடுவாள். நகைப் பட்டியலைப் பற்றிப் பேச நூறு பேர் இருக்கிறார்கள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மனத்தில் இருக்கும் பயத்தையும் ஆசையையும் அவள் சொல்வதற்கு உங்களை விட்டால் யார்? குனிந்த தலையோடு கைவேலை செய்யும்போது வருகிற வார்த்தைகள், முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டால் வராது.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மருமகள் பெட்டியில் வெள்ளிச் சாமான் எத்தனை என்று எண்ணியபின், ஒரு தையல் சட்டமோ நூற்கண்டோ வண்ணப் பெட்டியோ இருந்தால் அதையும் வெளியே எடுத்து, வெளிச்சமான ஜன்னல் ஓரமாக ஓர் இடம் காட்டி வையுங்கள். புது வீட்டில் அவளுக்கென்று முதலில் கிடைக்கும் இடம் அதுவாக இருக்கட்டும்.