இரு கைப்பிடிகளும் ஒரு துடுப்பும்

கோபிநத்தம் என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்குக் காடும் அக்காட்டில் நிகழ்ந்த கொடுமைகளுமே நினைவுக்கு வருகின்றன. அங்கே பிறந்து வளர்ந்த நமக்கோ முதலில் நினைவுக்கு வருவன காவிரியும் பரிசலும்தாம். 1997-ஆம் ஆண்டு சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரையில் அவ்வூர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ் பேசுவோரே அங்கு மிகுதி. ஆற்றின் அக்கரை தருமபுரி மாவட்டம். இக்கரை கன்னட நாடு. நம் குடும்பத்தில் பெண் எடுத்ததும் கொடுத்ததும் இரு கரைகளிலுமே ஆகையால், பரிசலேறாமல் ஒரு கல்யாணத்துக்குப் போனதாக நமக்கு நினைவில்லை.

நம் தாய்மாமன் பரிசல் ஓட்டுபவர், அறுபதைக் கடந்தவர். அவருடைய இளைய மகன் வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் படகோட்டியாக இருக்கின்றான். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு மாலுமிகளையும் தொழிலாளரையும் கொண்டு சேர்ப்பது அவன் படகின் வேலை. சென்ற பொங்கலுக்கு அவன் விடுமுறையில் வந்திருந்தபோது தகப்பனும் மகனும் தத்தம் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் கடல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் உண்டு. அனுப்ப எண்ணியிருப்பவர்களும் உண்டு. ஆகவே அதை இங்கே எழுதத் துணிந்தோம்.

அவன் ஓட்டுவது இரண்டு எஞ்சின்கள் கொண்ட ஜெட் படகு. அதற்குச் சுழல்விசிறியும் இல்லை, சுக்கானும் இல்லை. படகின் அடியில் கம்பிச் சல்லடை போட்ட ஒரு வாய். அதன் வழியே தண்ணீரை உள்ளிழுத்து, உள்ளே சுழலும் சக்கரத்தால் வேகமூட்டி, பின்புறக் குழாய் வழியாகப் பீய்ச்சியடிக்கின்றது எஞ்சின். நீர் பின்னே பாய்கின்றது. படகு முன்னே பாய்கின்றது. குழாயின் முனையை இடமோ வலமோ திருப்பினால் படகு திரும்பும்.

இத்தகைய படகைப் பலரும் கையாளத்தக்க பொருளாக்கியவர் நியூஸிலாந்துக்காரரான வில்லியம் ஹாமில்டன். 1899-இல் பிறந்த அவர் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர். அந்நாட்டின் தென் தீவிலுள்ள ஆறுகள் ஆழமற்றவை, கூழாங்கற்கள் நிறைந்தவை. சாதாரண மோட்டார்ப் படகின் விசிறி அங்கே கல்லில் மோதி உடைந்துவிடும். 1950-களில் அவர் செய்து பார்த்த முதற்படகு தண்ணீருக்குள்ளேயே நீரைப் பீய்ச்சியது. அது ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. பீய்ச்சும் குழாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்தியதும் படகு விரைந்து பாய்ந்தது. இவ்வளவு சிறிய மாற்றத்தில் அவ்வளவு பெரிய பலன்! 1974-இல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. அவர் நாட்டில் ஷாட்டோவர் ஆற்றின் குறுகிய பாறை இடுக்கிலே இரட்டை எஞ்சின் ஜெட் படகுகள் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு சாணளவு நீரிலும் பறக்கின்றன.

நம் நாட்டுக்கும் இப்படகு புதியதன்று. எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹில்லாரி 1977-இல் மூன்று ஜெட் படகுகளுடன் கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து இமயம் நோக்கிச் சென்றார். ஹாமில்டன் குடும்பத்தினரும் உடன் வந்தனர். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கிட்டதனால் படகுப் பிரயாணம் அங்கே முடிந்தது, மேற்கொண்டு நடந்தார்கள்.

இனி ஓட்டும் முறைக்கு வருவோம். படகோட்டியின் கையருகே எஞ்சின் ஒன்றுக்கு ஒன்றாக இரண்டு விசைப்பிடிகள் இருக்கின்றன. ‘த்ராட்டில்’ என்று சொல்வது இவற்றைத்தான். முன்னே தள்ளினால் எஞ்சின் வேகம் கூடும். பின்னே இழுத்தால் குறையும். இவை தவிர ‘பக்கெட்’ எனப்படும் வாளிகளுக்கு வேறு இரு பிடிகள். வாளி என்பது பீய்ச்சும் குழாயின் பின்னால் தொங்கும் ஒரு தடுப்பு. அதைக் கீழே இறக்கினால் பின்னோக்கிப் பாயும் நீர் மடங்கி முன்னோக்கிப் பாயும். படகு பின்னே செல்லும். பாதி இறக்கினால் இரு திசை விசைகளும் சமனாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு நின்ற இடத்தில் நிற்கும். மோட்டார் வண்டியில் உள்ளது போன்ற கியர் மாற்றம் இதற்கு வேண்டியதில்லை.

இதில் புதியவனைக் கவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. சுக்கான் உள்ள படகில் எஞ்சினை நிறுத்திய பின்னும் படகு நகரும் மட்டும் ஓரளவு திருப்ப முடியும். ஜெட் படகைத் திருப்புவதோ பீய்ச்சும் நீர் ஒன்றே. விசையைக் குறைத்தால் நீர் குறையும்; நீர் குறைந்தால் ஸ்டீயரிங் சக்கரம் வெறும் அலங்காரம். ஆனால் நிலத்தில் பழகிய மனிதனுக்குப் பயம் வந்தால் கை தானாகவே வேகத்தைக் குறைக்கும்.

நம் மைத்துனனுக்கு நேர்ந்ததும் அதுவே. வேலையில் சேர்ந்து மூன்றாம் மாதம். மாலை நேரம், பக்கக் காற்று, படகு நிறைய ஆட்கள். துறையை நெருங்கும்போது நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டதை உணர்ந்து, இரு விசைப்பிடிகளையும் ஒரேயடியாகப் பின்னுக்கு இழுத்துவிட்டான். சக்கரத்தை முழுதும் திருப்பினான், படகு கேட்கவில்லை. நேரே சென்று துறையின் ரப்பர்த் தடுப்பில் மோதிற்று. நின்றிருந்த இருவர் விழுந்தனர். ஒருவருக்கு மணிக்கட்டில் நல்ல அடி. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஊருக்கு டிக்கெட் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவனை அனுப்புவதற்காக மாமன் தம் அரை ஏக்கர் நிலத்தை அடகு வைத்திருந்தார். அந்தக் கடனில் கால் பங்கும் அப்போது அடையவில்லை.

அன்றிரவு அவன் தொலைபேசியில் அழுதானாம். மாமன் கடனைப் பற்றிப் பேசவில்லை.

“பயந்தப்போ கையை என்ன பண்ணினே, கண்ணு?”

“பின்னாலே இழுத்துட்டேன், அப்பா.”

“பரிசல்லே துடுப்பைத் தூக்கிட்டா என்ன ஆகும்?”

மகன் பதில் சொல்லவில்லையாம். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு அது தெரியும். பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்து, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய கூடை அது. அதைத் தள்ளுவதும் திருப்புவதும் ஒரே துடுப்பு. துடுப்பை எடுத்த கணமே பரிசல் ஆற்றுடையதாகிவிடும். நீர் எப்படிச் சுழற்றுகின்றதோ அப்படிச் சுழலும். ஒகேனக்கலில் நீர்வரத்து பெருகும் நாட்களில் அதிகாரிகள் பரிசல்களை நிறுத்திவிடுவதும் இதனால்தான்: ஆற்றின் விசை ஒருவன் துடுப்பின் விசையை வென்றுவிடுமானால் அங்கே திறமைக்கு வேலையில்லை.

அதற்குப் பின் அவனுக்குத் தொழில் கற்பித்தவர் அங்கிருந்த மூத்த மலையாளி ஒருவர். துறையை நெருங்கும் முன்பே இரு விசைப்பிடிகளையும் குறைந்த வேகத்துக்குச் சற்று மேலாக, இரண்டும் சமமாக, ஒரு நிலையில் நிறுத்தச் சொன்னார். பின்பு தம் கைக்குட்டையை எடுத்து அப்பிடிகளின்மேல் போட்டு, இனி இதைத் தொடாதே என்றார். அதன்பின் வேலையெல்லாம் வாளிகளிடத்தும் சக்கரத்திடத்தும்தான். பீய்ச்சும் நீர் குறையாமல் இருப்பதால் படகு எப்போதும் கைக்கு அடங்கி நிற்கும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் வாளியை ஏற்றி இறக்குவதிலேயே முடிந்துவிடும். இரு த்ராட்டில்களை ஆளும் வித்தையில் பாதி, அவற்றைத் தொடாமலிருக்கும் வித்தை என்பது நமக்கு வியப்பாக இருந்தது.

இரட்டை எஞ்சினின் அருமை இங்கேதான் தெரிகின்றது. ஒரு வாளியை ஏற்றி மற்றொன்றை இறக்கினால் படகு நின்ற இடத்திலேயே பம்பரமாகத் திரும்பும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இடப்பக்க எஞ்சின் முன்னே தள்ளவும் வலப்பக்க எஞ்சின் பின்னே இழுக்கவும் வைத்து, சக்கரத்தை இடப்புறம் திருப்பினால், படகு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் வலப்புறமாக நண்டுபோல் நகர்ந்து துறையோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின்கள் படகின் மூக்கை வலப்புறம் திருப்பப் பார்க்கின்றன. சக்கரமோ இடப்புறம் திருப்பப் பார்க்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, மிஞ்சியிருக்கும் விசை பக்கவாட்டில் தள்ளுகின்றது. அவன் தரையில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்து விளக்கிய பிறகே நமக்கு இது பிடிபட்டது.

நடுக்கடலில் வேகமாகச் செல்லும்போது வேறு கவனம் வேண்டும். இரு எஞ்சின்களும் ஒரே சுற்றில் ஓடாவிட்டால் படகு ஒரு பக்கமாக இழுக்கும். இதை மீட்டரைப் பார்த்துச் சரிசெய்வதைவிடக் காதால் கேட்டுச் சரிசெய்வது எளிதாம். சுற்றுகள் வேறுபட்டால் ‘வூம், வூம்’ என்று ஓர் ஏற்ற இறக்கம் கேட்கும். ஒரு பிடியை மயிரிழை நகர்த்தினால் அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகி, பின் அடங்கி, ஒரே ஓசையாகிவிடும். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நாம் எஞ்சின் ஓட்டியதில்லை. எனினும் சக்லேஷ்பூர் – சுப்பிரமணியா ரோடு மலைப்பாதையில் வண்டியின் பின்னே துணை எஞ்சின்கள் தள்ளிவருவதைப் பார்த்திருக்கின்றோம். முன்னுள்ளவரும் பின்னுள்ளவரும் ஒத்துப்போகாவிடில் நடுவிலுள்ள பெட்டிகளின் பாடு என்ன என்று டிரைவர்கள் சொல்லக் கேட்டதுண்டு.

பிளாஸ்டிக் பைகள்தாம் அவனுக்குப் பெரிய பகையாம். சல்லடையில் ஒன்று ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்து எஞ்சின் சுற்று திடீரென ஏறும். ஆனால் விசை இராது. படகு அந்தப் பக்கம் சாயும். அப்போது அந்தப் பிடியை இன்னும் தள்ளுவது மூடத்தனம். அதைக் குறைத்து, மற்ற எஞ்சினால் படகை நேராகப் பிடித்து, நின்ற பின் சல்லடையைச் சுத்தம் செய்யவேண்டும். அதேபோல, முழு வேகத்தில் செல்லும்போது ஒரு வாளியை மட்டும் இறக்குவது ஆட்களைத் தூக்கியெறிவதற்கு ஒப்பாகும்.

காணும் பொங்கலன்று மாமனுடைய பரிசலில் மூவரும் சென்றோம். நீர் குறைவு, பாறைகள் வெளியே தெரிந்தன. நடு ஆற்றில் மகன் துடுப்பைக் கேட்டு வாங்கினான். இரட்டை எஞ்சினை ஆண்டவன் ஒற்றைத் துடுப்பிடம் தோற்றுப்போனான். பரிசல் இரண்டு சுற்றுச் சுற்றிற்று. மாமன் சிரித்தாரேயன்றித் துடுப்பைத் திரும்ப வாங்கவில்லை. சற்று நேரத்தில் பழைய பழக்கம் கைக்கு வந்தது. பரிசல் கரையை நோக்கி நேராகப் போயிற்று.

நிலம் இவ்வாண்டு மீண்டுவிட்டது என்பதை அப்போதுதான் மாமன் நம்மிடம் சொன்னார். அவன் மாசி மாதம் திரும்பிச் சென்றான். புதிதாகச் சேர்ந்த இருவருக்கு இப்போது அவனே கற்றுக்கொடுக்கின்றானாம்.

கரையேறும்போது ஹில்லாரியின் பிரயாணத்தைப் பற்றி நாம் மாமனிடம் சொன்னோம். கவனமாகக் கேட்டார்.

“அந்தப் படகு அருவி ஏறுச்சா?”

“இல்லை மாமா, அங்கேயே நின்றுவிட்டது.”

“பரிசலா இருந்தா தலையிலே கவுத்துத் தூக்கிட்டுப் போயிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பரிசலைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டில் நடந்தார்.