ஊசி குத்தும்போது ஒரு குரல்

இன்குபேட்டருக்குள் கையளவு குழந்தை. நர்ஸ் அதன் குதிகாலைத் துடைத்து, சிறு ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தைப் பிழிந்தெடுக்கிறார். புருவம் நெரிகிறது, கண்கள் இறுகுகின்றன, மானிட்டரில் இதயத்துடிப்பு எகிறுகிறது. 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட குழந்தைகள் பலருக்கு இது அடிக்கடி நேரும் பாடு. ஒவ்வொரு குத்துக்கும் வலிமருந்து கொடுத்தால், வளரும் மூளைக்கு ஆகாதே என்று மருத்துவர்கள் தயங்குவார்கள்.

இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான ஆவோஸ்தாவில், பாரினி மருத்துவமனையில் இப்படிப்பட்ட 20 குழந்தைகளை ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மனுவேலா பிலிப்பா, டிடியே கிராண்ட்ஜான் குழுவினர் மூன்று நாள் கவனித்தார்கள். ஒருநாள் அம்மா இல்லை. ஒருநாள் அம்மா பேசினார். இன்னொரு நாள் பாடினார். ஊசிக்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி, குத்தி முடித்த பிறகும் குரல் தொடர்ந்தது. வென்டிலேட்டர் இரைச்சலை மீறிக் கேட்கும்படி கொஞ்சம் உரக்க.

எல்லாம் வீடியோவில் பதிவானது. வலிக்கு மதிப்பெண் போட்டவர்கள் ஒலியை அணைத்துவிட்டே பார்த்தார்கள்; அம்மா பக்கத்தில் இருந்தாரா என்பதே அவர்களுக்குத் தெரியாது. முகக்குறி, இதயத்துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றை வைத்து 0 முதல் 21 வரை போகும் வலி அளவுகோல் அது. அம்மா இல்லாத நாளில் 4.5. பேசிய நாளில் 3. குழந்தையின் எச்சிலில் இருந்த, பிணைப்பு ஹார்மோன் எனப்படும் ஆக்ஸிடோசினும் மில்லிலிட்டருக்கு 0.8 பிகோகிராமிலிருந்து 1.4 ஆக ஏறியிருந்தது. 2021இல் முடிவுகள் வெளியாயின.

தாலாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு, பாடினால் இன்னும் குறையும் என்றுதான் தோன்றும். பாடிய நாளின் கணக்கு 3.8. பாட்டுக்கு மெட்டு உண்டு, அதைவிட்டு விலக முடியாது. பேசும் அம்மாவோ குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குரலை ஏற்றி இறக்குகிறார். வித்தியாசம் அதனால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பொருத்தமாகத்தான் படுகிறது.

இது அம்மா குரல்தான் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? வயிற்றுக்குள் ஆறாம் மாத வாக்கிலேயே காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், அம்மா குரலை வரவழைப்பதற்காகவே ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றிக்கொள்வதை அமெரிக்காவில் டிகாஸ்பரும் பைஃபரும் 1980இலேயே காட்டிவிட்டார்கள்.

அம்மாவால் நாள் முழுக்க வார்டில் உட்கார முடியாதே! பாஸ்டனில் ஒரு குழு அம்மாவின் குரலையும் இதயத்துடிப்பையும் பதிவுசெய்து, குறைமாதக் குழந்தைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாக ஒலிக்கவிட்டது. ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, மூளையில் ஒலியைக் கையாளும் பகுதி அதைக் கேட்காத மற்றக் குழந்தைகளைவிடப் பெரிதாக இருந்தது. 2015இல் வந்த அந்த ஆய்வு பார்த்தது ஸ்கேனை மட்டுமே. அந்தக் குழந்தைகள் பின்னால் எப்படிப் பேசினார்கள் என்பது அதில் இல்லை.