பற்றரிக்கு எத்தனை வோல்ற்?

முச்சக்கரவண்டியை நம்பி வாழும் குடும்பத்திற்குப் புதிய பற்றரியின் விலை சிறு தொகையன்று. அதன் ஆயுளைத் தீர்மானிப்பதில் மின்னேற்றும் அளவிற்குப் பெரும்பங்குண்டு. ஆறு கலங்களைக் கொண்ட 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரியை நிறைப்பதற்கு ஏறத்தாழ 14.4 வோல்ற் வேண்டும். அளவு குறைந்தால் தகடுகளில் சல்பேற்று இறுகும். கூடினால் நீர் வற்றித் தகடுகள் அரிக்கப்படும்.

ஆனால் 14.4 என்பது 25 பாகை செல்சியசுக்குரிய கணக்கு. வெப்பம் ஒரு பாகை கூடுந்தோறும் சுமார் 0.02 வோல்ற் குறைத்தல் வேண்டும். மன்னாரிலோ மட்டக்களப்பிலோ 35 பாகையைத் தொடும் நண்பகலில் 14.2 வோல்ற்றே போதுமானது. நிறைந்த பின்னரும் இணைத்து வைப்பதாயின் 13.5 வோல்ற் அளவே உகந்தது. ஜெல் வகையோ இன்னும் மென்மையானது. உறையில் அச்சிடப்பட்ட அளவை மீறலாகாது. வெவ்வேறு வகைகளை ஒரே இணைப்பில் கோர்த்து மின்னேற்றும் சில கடைகளின் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.