ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை: ஒரு சமூகவியல் நோக்கு

பத்து வயதுச் சிறாரை முன்னணிக் கல்லூரிகளுக்குத் தெரிவுசெய்யும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, நமது கல்வியமைப்பின் இயல்பானதோர் அங்கமாகவே கருதப்படுகின்றது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல கல்லூரி என்ற வாதமும் நியாயமானதாகவே தோன்றும். ஆயின், கெட்டித்தனம் எத்தகைய வாழ்நிலையில் உருவாகின்றது என்ற வினாவை எழுப்பும்போதே இப்பரீட்சையின் வர்க்க உள்ளடக்கம் புலனாகின்றது. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் களமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

தோற்றத்தில் இவ்வேற்பாடு முற்போக்கானதே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், மிஷனரிக் கல்லூரிகளும் நகர்ப்புறச் செல்வந்தரும் உயர்தரக் கல்வியின்மீது கொண்டிருந்த ஏகபோகத்தைத் தகர்க்க முயன்றன. வறிய கிராமத்துப் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளில் தங்கிப் பயில்வதற்கே ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் வழங்கப்பட்டது. அது ஓர் ஏணியாகவே அமைக்கப்பட்டது.

அவ்வேணி தோட்டத்து லயன்களைப் பெரும்பாலும் எட்டவில்லை. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர, கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. அன்று தொடங்கிய தோட்டப் பொருளாதாரம் கொழுந்து பறிக்கும் கைகளை வேண்டிநின்றதேயன்றி, எழுதும் கைகளை வேண்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டளவிலேயே. ஏணியின் முதற்படி வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கிடையில் ஏணி சல்லடையாக மாறிவிட்டது. பாடசாலைகளிடையே ஏற்றத்தாழ்வு நிலைபெற்றதும், வறியோருக்கு உதவும் ஏற்பாடு 'பிரபல' கல்லூரிகளுக்கான நுழைவுப் போட்டியாயிற்று. கண்டி நகரிலே வார இறுதித் தனியார் வகுப்புகளும் மாதிரி வினாத்தாள்களும் ஒரு சந்தையாகவே வளர்ந்துள்ளன. பயிற்சியால் பெறும் விரைவை அளக்கும் பரீட்சை, அப்பயிற்சியை வாங்கும் பணத்தையும், பிள்ளையுடன் அமரும் பெற்றோரின் ஓய்வுநேரத்தையும் சேர்த்தே அளக்கின்றது. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ நாட்சம்பளத்துக்கு மலையேறும் தாய்க்கு இவ்விரண்டுமே இல்லை. பியர் பூர்தியேயும் பாசரோனும் 1970இல் பிரெஞ்சுக் கல்வியமைப்பைப் பற்றிக் கூறியது இங்கும் பொருந்தும்: பரம்பரையாகக் கிடைத்த வாய்ப்பைக் கல்விக்கூடம் தனிமனிதத் திறமையாக உருமாற்றிக் காட்டுகின்றது.

சித்தியெய்தும் தோட்டப் பிள்ளைகளும் உளர். வெட்டுப்புள்ளி மாவட்டவாரியாகவும் மொழிமூலவாரியாகவும் வகுக்கப்படுவது அவர்களுக்கு ஓரளவு துணைபுரிகின்றது. ஆனால் சித்தியெய்திய பின்னர் தமிழ்மொழி மூல வகுப்புள்ள கல்லூரியைத் தேடவேண்டும். நகரில் தங்குமிடம் வேண்டும். பயணச் செலவு வேண்டும். அத்துடன், ஒரு பிள்ளையின் வெற்றி ஏனையோரின் தோல்வியை அவர்களது சொந்தக் குறைபாடாகக் காட்டவும் பயன்படுகின்றது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தோற்றிய 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதினர்மீது சுமத்தப்பட்டுள்ள போட்டியின் கடுமைக்கு இது சான்று.

அவ்வாறாயின் பரீட்சையை ஒழித்துவிடலாமே என்பர் சிலர். இங்கு நிதானம் வேண்டும். முதலாந் தரத்துக்கான அனுமதியில் வீட்டின் அண்மையும், பெற்றோர் பழைய மாணவராயிருத்தலும் முக்கிய அளவுகோல்களாகும். இவை இரண்டும் நகரத்து மத்தியதர வர்க்கத்துக்கே சாதகமானவை. பாடசாலைகளைச் சமப்படுத்தாது பரீட்சையை மட்டும் நீக்கினால், தோட்டப் பிள்ளைக்குத் திறந்துள்ள ஒடுங்கிய வாயிலும் அடைபட்டுவிடும். இங்கிலாந்து 1965இற்குப் பின் பதினொரு வயதுத் தெரிவைப் படிப்படியாகக் கைவிட முற்பட்டபோது, அனைவருக்கும் பொதுவான இடைநிலைப் பாடசாலைகளை அமைக்கும் முயற்சியுடனேயே அதனைச் செய்தது.

எனவே, எவரைத் தெரிவுசெய்வது என்பதன்று அடிப்படை வினா; தெரிவு ஏன் தேவைப்படுகின்றது என்பதே வினா. புசல்லாவையிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான, கணித ஆசிரியர்களும் ஆய்வுகூடங்களும் விடுதிகளும் போதிய அளவில் கிடைக்குமாயின், பத்து வயதில் ஒரு பிள்ளை நகரத்துக் கல்லூரியின் வாயிலில் நின்று தன் தகுதியை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்நிலையை உருவாக்கும் கோரிக்கை, ஆசிரியரும் பெற்றோரும் தொழிற்சங்கங்களும் ஒன்றிணைந்து முன்னெடுக்கவேண்டிய கோரிக்கையாகும். பல்கலைக்கழகத்து வாயிலைக் கடந்துவிட்ட நாம் அதிலிருந்து ஒதுங்கி நிற்பதற்கில்லை.