டெக்ஸாஸ் மாகாணத்தில் குளிர்காலத்து மின்தடையும் அதனால் விளைந்த நஷ்டங்களும்

பாசனமும் பால் தொழிலும் கோழி வளர்ப்பும் மின்சார சக்தியை நம்பி நடைபெறும் இடங்களில், அச்சக்தி நான்கு நாட்கள் நின்றுவிட்டால் நேரும் நஷ்டம் விளக்கு எரியாததோடு முடிவதில்லை. இறைவை நிற்கும், கறந்த பால் கெடும், பிறகு அந்நஷ்டமே கட்டணமாகவும் கடனாகவும் உருமாறிப் பல வருஷங்கள் தொடரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டெக்ஸாஸ் மாகாணத்தில் 2021-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் நிகழ்ந்த மின்தடை இதற்குத் தக்க சான்றாகும். நிலமுடையோரும், கிராம உத்தியோகஸ்தர்களும், கூட்டுறவுச் சங்கங்களை நடத்துவோரும் அதன் காரணங்களையும் பலன்களையும் அறிந்திருத்தல் நலம்.

தனித்து நின்ற மின்தொகுப்பு

பல மின் நிலையங்களையும் அவற்றை இணைக்கும் கம்பிகளையும் சேர்த்து மின்தொகுப்பு என்பர். ஐக்கிய நாடுகளில் மாகாண எல்லையைக் கடந்து செல்லும் மின்சாரம் 1935-ஆம் வருஷத்துச் சட்டப்படி மத்திய அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அவ்வதிகாரத்துக்கு உட்பட விரும்பாத டெக்ஸாஸ் கம்பெனிகள் தங்கள் கம்பிகளை எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டன. 1970-இல் ஏற்பட்ட எர்காட் என்னும் ஸ்தாபனம் இத்தொகுப்பை மேற்பார்வை செய்து வருகிறது. மாகாணத்தின் மின் தேவையில் சுமார் நூற்றுக்கு 90 பங்கு இதைச் சேர்ந்தது. தட்டுப்பாடு நேர்ந்த அக்காலத்தில் அயல் தொகுப்புகளிலிருந்து ஏறக்குறைய 1,200 மெகாவாட்டுக்கு மேல் வரவழைக்க வழியில்லாதிருந்தது.

மற்றொரு குறையும் உண்டு. அங்கே மின் நிலையத்தார்க்கு விற்ற சக்திக்கே விலை கிடைத்து வந்தது. ஆபத்துக் காலத்துக்கென்று நிலையத்தை ஆயத்தமாக வைத்திருப்பதற்குத் தனி ஊதியம் இல்லை. ஆதலால் குழாய்களுக்குக் குளிர்காப்பு உறையிடுதல், கருவிகளுக்குச் சூடேற்றும் ஏற்பாடு செய்தல் ஆகிய செலவுகளைப் பலர் ஒத்திவைத்தனர். 1989-ஆம் வருஷத்துக் குளிரிலும், மீண்டும் 2011 பிப்ரவரியிலும் இதே காரணத்தால் மின்தடை நேர்ந்தது. 2011-இல் மத்திய அதிகாரிகள் விசாரணை செய்து குளிர்காப்பு வேலைகளைச் சிபாரிசு செய்தனர். ஆனால் அது சிபாரிசாகவே நின்றது, கட்டாயமாக்கப்படவில்லை.

பிப்ரவரி 15-ஆம் தேதி

2021 பிப்ரவரி மத்தியில் மாகாணம் முழுவதையும் கடுங்குளிர் பற்றியது. 16-ஆம் தேதி டல்லாஸ் நகரில் வெப்பநிலை பாரன்ஹீட் பூஜ்யத்துக்கும் இரண்டு டிகிரி கீழே இறங்கிற்று. வீடுகளைச் சூடாக்க மின் தேவை பெருகிய அதே வேளையில் மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 15-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து 1 மணி 20 நிமிஷத்துக்கு மின்வெட்டு உத்தரவு பிறந்தது. உச்ச நிலையில் வெட்டப்பட்ட சக்தி 20,000 மெகாவாட். ஐந்து குதிரைசக்தி இறைவை மோட்டார்கள் 50 லட்சத்துக்கு மேல் ஒருங்கே ஓடத் தேவையான சக்தி அது.

வினாடிக்கு 60 முறை மாறவேண்டிய மின்னோட்டம் அன்று 59.4 முறைக்கும் கீழே தாழ்ந்து நான்கு நிமிஷங்களுக்கு மேல் நீடித்தது. அந்நிலை ஒன்பது நிமிஷம் தொடர்ந்திருப்பின், எஞ்சிய நிலையங்களும் தற்காப்புக்காகத் தாமே விலகிக்கொள்ளத் தொடங்கி, தொகுப்பு முழுவதும் நின்றுபோகும் அபாயம் இருந்தது. அவ்வாறு நின்றால் மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.

வெட்டவேண்டிய அளவு மிகப் பெரிதாகையால் முறை வைத்து மாற்றி மாற்றி நிறுத்தவும் இயலவில்லை. சில பகுதிகள் இடைவிடாது மூன்று நாட்கள் இருளில் கிடந்தன. 45 லட்சம் வீடுகளும் தொழிலிடங்களும் மின்சாரம் இழந்தன. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் குடிநீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியதாயிற்று. மாகாண சுகாதார இலாகாவின் கணக்குப்படி இறந்தோர் 246 பேர்.

வாய்க்காலை அடைத்துக் கிணறு வறண்ட கதை

காற்றாடிகள் உறைந்ததே காரணமென்று முதலில் பலர் குற்றஞ்சாட்டினர். மத்திய அதிகாரிகள் 2021 நவம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை வேறு விதமாகக் கூறிற்று. டெக்ஸாஸிலும் அதை அடுத்த தென்மத்தியப் பகுதிகளிலும் தடைப்பட்ட 1,045 மின் உற்பத்தி யந்திரங்களில் நூற்றுக்கு 58 இயற்கை வாயுவால் இயங்குபவை; காற்றாலைகள் நூற்றுக்கு 27. உறைபனியும், எரிபொருள் வராமையுமே பிரதான காரணங்கள்.

எரிபொருள் வராததற்கு ஒரு காரணம் மிகவும் கவனிக்கத்தக்கது. வாயுக் கிணறுகளிலும் வாயுவை அழுத்தி அனுப்பும் நிலையங்களிலும் பல மின்சாரத்தாலேயே இயங்கின. அவற்றுட் பல அத்தியாவசியமானவையென்று முன்கூட்டிப் பதிவு செய்யப்படவில்லை. ஆகவே மின்வெட்டு அவற்றையும் தாக்கிற்று, வாயு குறைந்தது, வாயு குறையவே மின் உற்பத்தி மேலும் குறைந்தது. தண்ணீர் போதவில்லை என்று வரத்து வாய்க்காலையே அடைத்ததற்கு இது ஒப்பாகும்.

மேலை எல்லையிலுள்ள எல் பாஸோ நகரம் 2011-இல் இதே துன்பத்தை அனுபவித்தது. அதன் பிறகு அங்குள்ள கம்பெனி தன் நிலையங்களுக்குக் குளிர்காப்புச் செய்தது; அந்நகரம் மேற்குத் தொகுப்போடு இணைந்தும் இருந்தது. 2021-இல் அங்கே மின்தடை மிகச் சொற்பமாகவும் சிறிது நேரமே நீடித்ததாகவும் இருந்தது.

குடியானவர்களின் நஷ்டம்

பால் பதனிடும் தொழிற்சாலைகள் நின்றமையால், நாளொன்றுக்கு 80 லட்சம் டாலர் பெறுமான பால் கீழே கொட்டப்படுவதாக மாகாண விவசாயக் கமிஷனர் அறிவித்தார். கறவை மாடுகளைக் கறக்காமல் விட இயலாது. கறந்ததை வைக்கவும் இடமில்லை. சூடேற்ற வழியின்றிக் கோழிக் குஞ்சுகள் மடிந்தன. குளிராலும் மின்தடையாலும் விவசாயத்துக்கு நேர்ந்த நஷ்டம் குறைந்தது 60 கோடி டாலர் என்று டெக்ஸாஸ் விவசாயக் கலாசாலையின் விஸ்தரிப்புப் பகுதியினர் மதிப்பிட்டனர். ஆரஞ்சு முதலிய பழங்களில் 23 கோடி, கால்நடைகளில் 22 கோடி 80 லட்சம், காய்கறிகளில் 15 கோடி என்பவை அதிலடங்கும்.

விலை ஏற்றமும் கூட்டுறவுச் சங்கத்தின் வீழ்ச்சியும்

தட்டுப்பாட்டின்போது விலை உயர்ந்தால் விற்போர் அதிகம் கொணர்வர், வாங்குவோர் குறைவாகச் செலவிடுவர் என்பது சந்தை நியாயம். அதன்படி கமிஷன் மின்சாரத்தின் மொத்த விலையை உச்ச வரம்பாகிய யூனிட் 9 டாலருக்கு ஏற்றி நான்கு நாட்கள் அங்கேயே நிறுத்திற்று. சாதாரண நாட்களில் அது இரண்டு மூன்று சென்ட்டு. ஆனால் உறைந்து நின்ற நிலையத்தை எவ்விலையும் ஓடச் செய்யவில்லை; மின்சாரமே இல்லாத வீட்டார் குறைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆகவே பெருமளவில் நிகழ்ந்தது பணம் கைமாறியதே.

1941-இல் ஏற்பட்ட பிராஸோஸ் மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் 16 கிளைச் சங்கங்களின் வாயிலாக நாட்டுப்புறங்களுக்கு மின்சாரம் அளித்து வந்தது. விலை ஏறிய சில நாட்களுக்காக எர்காட் அதனிடம் கேட்ட தொகை 210 கோடி டாலர். முந்திய வருஷம் முழுவதற்கும் அதன் மின்சாரச் செலவு 80 கோடிக்கும் குறைவு. மார்ச்சு 1-ஆம் தேதி சங்கம் திவால் மனு செய்தது. 2022-இல் தன் மின் உற்பத்தி நிலையங்களை விற்றுக் கடனை அடைக்கும் ஏற்பாட்டுக்கு உடன்பட்டது. மொத்த விலைக்கே மின்சாரம் தருவதாக ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வீட்டாரில் சிலர்க்கு ஆயிரக்கணக்கான டாலருக்குப் பட்டியல் வந்தது. அவ்வித ஒப்பந்தம் வீட்டுபயோகத்துக்கு அவ்வருஷமே தடை செய்யப்பட்டது.

அரசியல் விளைவுகள்

இரண்டு வாரங்களுக்குள் எர்காட் தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார். கமிஷனின் மூன்று அங்கத்தினரும் மார்ச்சு மாதத்தில் ஒருவர்பின் ஒருவராக இராஜிநாமா செய்தனர். மின்வெட்டு நின்ற பிறகும் ஏற்றப்பட்டிருந்த விலையைத் திருத்தச் சட்டசபையின் மேற்சபை மசோதா நிறைவேற்றிற்று; கீழ்ச்சபை இணங்கவில்லை. 2024-இல் மாகாண உச்ச நீதிமன்றம் அவ்விலையை விதிக்கக் கமிஷனுக்கு அதிகாரம் உண்டெனத் தீர்ப்பளித்தது.

2021 ஜூன் 8-ஆம் தேதி கவர்னர் கிரெக் அபட் கையொப்பமிட்ட சட்டம் குளிர்காப்பைக் கட்டாயமாக்கி, மீறுவோர்க்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்க இடமளித்தது. விலை வரம்பு 9 டாலரிலிருந்து 5 டாலராயிற்று. பெருங்கடனைச் சமாளிக்கக் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. வாயுக் கம்பெனிகளுக்காக மட்டும் 350 கோடி டாலர். இவற்றைப் பல வருஷங்களில் கட்டணத்தின் மூலம் செலுத்துவோர் பொது ஜனங்களே. கவர்னரோ 2022 தேர்தலில் மீண்டும் வெற்றி பெற்றார். 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கடுங்குளிர் வந்தபோது எர்காட் மின்வெட்டு உத்தரவிட நேரவில்லை.

கற்க வேண்டியவை

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பதை யாவரும் அறிவர். பொதுக் கரையை அடைப்பது எவர் கடமை, எவர் செலவு என்று வரையறுக்காவிடின், அறிந்தும் ஒருவரும் மண் இடார் என்பதே இச்சம்பவம் காட்டும் உண்மை. எல் பாஸோ முன்னரே செலவிட்டது. மற்றையோர் பின்னர்ச் செலுத்தினர். மொத்த நஷ்டத்தை மத்திய ரிசர்வ் பாங்கியின் டல்லாஸ் கிளை 8,000 கோடி முதல் 13,000 கோடி டாலர் வரை மதிப்பிட்டிருக்கிறது.

குடிநீர் இறைவை, ஆஸ்பத்திரி, பால் குளிரூட்டும் நிலையம் முதலியவற்றை அத்தியாவசியமானவையென முன்கூட்டிப் பதிவு செய்தல் கிராம உத்தியோகஸ்தர் கவனிக்க வேண்டியது. பால் பண்ணை உடையோர் மாற்று மின்யந்திரம் வைத்திருந்தால், அதைத் தேவை நேரும் முன்பே ஓட்டிப் பார்த்து எண்ணெயும் சேமித்து வைத்தல் வேண்டும். சங்கத்தார் எவ்வொப்பந்தத்திலும் சாதாரண நாளின் விலையை மட்டும் பாராது, விலை எதுவரை ஏறலாம், ஏறினால் பொறுப்பு எவருடையது என்பதையும் வாசித்தறிந்த பின்னரே கையொப்பமிடல் தகும்.