நிலத்தில் புதையல் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் பாரிவாக்கம் பக்கம் போனால், பயிர் வைத்த நிலமும் மனைக்கல் நட்ட நிலமும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதைப் பார்க்கலாம். வரப்பை வெட்டுகிறார்கள், கிணற்றைத் தூர்க்கிறார்கள், அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஏர்முனை ஒரு சாண் ஆழம் கீறிய மண்ணை, பொக்லைன் ஒரே வாரலில் ஆள் உயரத்துக்கு அள்ளிப் போட்டுவிடுகிறது. அப்படி அள்ளும்போது பானை ஓடு வரும், துருப்பிடித்த இரும்பு வரும். எப்போதாவது காசும் வரும்.

காசு வந்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மெட்டல் டிடெக்டரைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். வெளிநாடுகளில் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்கும் கடற்கரைக்கும் போகிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நம் ஊரிலும் இப்போது அந்தக் கருவி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா, வாங்கித் தேடினால் கிடைப்பது யாருக்கு என்பதுதான் கேள்வி.

கருவி என்ன சொல்லும்?

கைப்பிடியின் நுனியில் தட்டுப் போல இருப்பது ஒரு கம்பிச்சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது மண்ணுக்குள் காந்தப் புலம் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகி எதிரொலிக்கும். கருவி 'பீப்' என்று கத்தும். ஒற்றை நாணயம் என்றால் ஒரு சாண் ஆழம் வரை தெரியும். நல்ல கருவியில் இன்னும் கொஞ்சம் கூடும். செம்புப் பானை மாதிரிப் பெரிய பொருள் என்றால் அதைவிட ஆழத்தில் இருந்தாலும் பிடிக்கும். இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணிலும், உப்பேறிய ஈர மண்ணிலும் ஒன்றுமே இல்லாமல் கத்தும். மேலே மின்கம்பி போனாலும் தடுமாறும். இருபது அடி ஆழத்தில் தங்கத்தை மட்டும் தனியாகக் காட்டும் என்று சொல்லி யாராவது விற்க வந்தால், வாசலிலேயே அனுப்பிவிடுவது நல்லது. இடி விழுந்த கலசம் அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது என்று சொல்லும் 'ரைஸ் புல்லிங்' கும்பலும் இதே ரகம்தான். பூதம் காக்கிறது, பூசை போட வேண்டும் என்று வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பொழுதுபோக்காகத் தேடுகிறவர்களுக்கும் பத்தில் ஒன்பது தடவை கிடைப்பது ஆணி, சோடா மூடி, கம்பித் துண்டு, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். நிலத்தில் தொலைந்த டிராக்டர் பின், மண்ணுக்குள் மறைந்த இரும்புக் குழாய் இவற்றைத் தேட உதவும் என்பது உண்மை.

இன்னொரு வேலைக்கும் இந்தக் கருவி பயன்படுகிறது. மாடு தீவனத்தைப் பிரித்துப் பார்த்துத் தின்னாது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேயும் மாடு ஆணியையும் கம்பியையும் சேர்த்து விழுங்கிவிடும். அவை தேனடை போன்ற இரண்டாம் வயிற்றில் தங்கி, குத்திக்கொண்டு இதயம் வரை போகக்கூடும். கால்நடை மருத்துவர்கள் மெட்டல் டிடெக்டரை வைத்தும் எக்ஸ்ரே எடுத்தும் இதைப் பார்க்கிறார்கள். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். அதோடு ஊசியும் காசும் வந்தன.

சுத்தியலைத் தேடப் போன கதை

புதையல் கதைக்கு வருவோம். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்ற ஊரில் பீட்டர் வாட்லிங் என்ற குத்தகை விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸிடம் டிடெக்டர் இருந்தது. சுத்தியலைத் தேடிப் போனவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் தங்க நகைகளும் காசுகளும் கிடைத்தன. ரோமானியர் காலத்துப் புதையல். எல்லாம் சேர்த்து நாணயம் மட்டும் சுமார் 15,000.

பணத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது லாஸ் அடுத்துச் செய்ததை. கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியல் ஆட்கள் வந்து, பெட்டி இருந்த நிலையிலேயே மண்ணை விலக்கி எடுத்தார்கள். எந்தப் பொருள் எதன் மேல் இருந்தது, எது துணியில் சுற்றியிருந்தது என்பதுவரை தெரிந்தது. அரசு கொடுத்த வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. லாஸ் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

நம் சட்டம் என்ன சொல்கிறது?

புதையல் கிடைத்தால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும், ஒரு பைசா தராது என்பதுதான் கிராமத்தில் எல்லோரும் நம்புவது. சட்டத்தில் அப்படி இல்லை. 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடக்கும், மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல்தான். மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். (10 ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்று ஒரு டீக்கும் பற்றாது. மாற்றத்தான் ஆளில்லை.) பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாக ஜாமீன் கொடுக்க வேண்டும்.

கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருகிறவர்கள் வருவதற்கு நான்கு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறிப்பார். நூறு வருடத்துக்குள் தன் பாட்டனோ பூட்டனோ புதைத்தது என்று யாராவது வந்தால் அது சிவில் கோர்ட்டுக்குப் போகும். யாரும் வராமல், உரிமையாளர் இல்லாத பொருள் என்று முடிவானால் பங்கு பிரியும். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் வேறு உடன்பாடு இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு.

இந்த இடத்தில்தான் பலர் அசந்துபோவார்கள். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வெட்டும்போது கண்டெடுத்தவருக்குத்தான் பெரிய பங்கு. பட்டா கையில் இருக்கிறதென்று நிலத்துக்காரர் முழுவதையும் கேட்க முடியாது. தன் நிலத்தில் தானே கண்டெடுத்தால் இரண்டு பங்கும் அவருக்கே.

அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. அப்போது உலோகத்தின் மதிப்பும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் தர வேண்டும். இது போதாது என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்காசுக்கு வெள்ளி விலையும் இருபது சதவீதமும் என்றால், பழமைக்கு மதிப்பே போடவில்லை என்று அர்த்தம். இங்கிலாந்தில் சந்தை மதிப்பைக் கணக்கிட்டுத் தருகிறார்கள். அங்கே தகவல் சொல்ல ஆள் முன்வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போய்விடும். ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கும் பங்கு போகும். ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஏரிப் புறம்போக்கிலோ கோயில் நிலத்திலோ டிடெக்டரோடு போய்த் தோண்டுவது வேறு வம்பு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது தனிக் குற்றம்.

மறைத்ததால் என்ன ஆனது?

தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில் 1976-ல் மண் வெட்டிய ஒரு கூலித் தொழிலாளியின் கையில் நடராஜர் சிலை அகப்பட்டது. தகவல் சொல்லாமல் விற்றார். சிலை கை மாறி மாறி 1982-ல் லண்டனில் ஒரு கனடா நிறுவனத்தின் கைக்குப் போனது. லண்டன் போலீஸ் அதைப் பிடித்த பிறகு, எங்கள் ஊர்ச் சிலைதான் என்று நிரூபிக்க அங்கே வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. சிலையில் ஒட்டிய மண்ணையும் கரையான் தடத்தையும்கூடச் சாட்சியாக வைத்தார்கள். 1991-ல்தான் நடராஜர் திரும்பி வந்தார். கோடிக்கணக்கில் மதிப்புள்ள சிலையில் முதலில் எடுத்தவருக்குக் கிடைத்தது சொற்பம்.

நஷ்டம் பணத்தில் மட்டும் இல்லை. கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகள் நிறையக் கிடைத்தன. எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தன என்ற குறிப்பில்லாமல் வியாபாரிகள் வழியாகப் போனதால் காசு சொல்ல வேண்டிய சேதியில் பாதி போய்விட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முறைப்படி அகழ்ந்ததால் வேறு மாதிரி ஆனது. முதுமக்கள் தாழியில் இருந்த நெல் சுமார் 3,200 வருடம் பழையது என்று 2021-ல் அறிவித்தார்கள். தாழிகளில் கிடைத்த கரியை வைத்து, தமிழ்நாட்டில் இரும்பின் வயது 5,300 வருடம் என்று 2025-ல் அறிவித்தார்கள். டிடெக்டர்காரர் துரு என்று தூக்கி எறியும் இரும்புதான் அது. நெல்லுக்கோ கரிக்கோ கருவி கத்தவே கத்தாது.

பாரிவாக்கத்துக்கு இது தூரத்துச் சங்கதியும் இல்லை. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்த ஒரு கல் கோடரிதான், இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதல் அடையாளமாக ஆனது. அதே வருடம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கல் கருவிகள் கிடைத்தன. அவை 15 லட்சம் வருடம் பழையவை என்று பின்னால் கணித்தார்கள்.

எனவே மண்ணில் ஏதாவது தட்டுப்பட்டால் பொக்லைனை நிறுத்தச் சொல்லுங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்கவே விளக்காதீர்கள். இருந்த இடத்திலேயே, பக்கத்தில் மண்வெட்டியை வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ உடனே சொல்லுங்கள். கலெக்டருக்கு எழுதும் கடிதத்தில் என்ன பொருள், எத்தனை, மதிப்பு உத்தேசமாக எவ்வளவு, எந்த சர்வே நம்பரில், எந்தத் தேதியில் கிடைத்தது, கண்டெடுத்தவர் யார் என்று எழுதுங்கள். கூலிக்கு வந்தவர் எடுத்திருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பங்கு கேட்கும் நாளில் அந்தக் காகிதம் தேவைப்படும்.