பொம்மைக்கும் தீபாவளித் துணி

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் ஒரு காலத்தில் பொம்மைக்கு எப்போது புதுத்துணி கிடைக்கும் என்பது தையற்காரர் கையில் இருந்தது. ஐப்பசி பிறந்தால் தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுப்பார்கள். இனாம் இல்லை, பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் காசு கைக்கு வந்ததும் டவுனுக்கு இறங்கித் துணி எடுத்து, அப்படியே தைக்கவும் கொடுத்துவிட்டுத்தான் சனம் வீடு திரும்பும். அந்த நாட்களில் தையல் மெஷினின் காலடியில் வெட்டுத்துண்டு குவிந்து கிடக்கும். உள்ளங்கை அகலத்துக்குச் சாட்டின் கிடக்கும், யாருடைய பாவாடையிலிருந்தோ மிஞ்சிய ஜரிகைக் கரை கிடக்கும். பாடசாலை விட்டு வரும் சிறுமிகள் கடை வாசலில் நின்று, "அண்ணே, துண்டு இருந்தா தாங்கண்ணே" என்பார்கள். வேலை நெருக்கடி இல்லாத நேரமென்றால் ஒரு பிடி அள்ளிக் கொடுப்பார். இல்லாவிட்டால் "நாளைக்கு வாங்க" என்று விரட்டிவிடுவார்.

தீபாவளி போனால் தைப்பொங்கல். அதன் பின் மாரியம்மன் திருவிழா, காப்புக் கட்டின வீட்டில் மஞ்சள் துணி. 1993இல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்த வரிசையில் வெள்ளையும் சேர்ந்தது. சட்டை, கவுன் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துண்டில் பொம்மைக்கும் சீருடை. வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எப்போது என்ன தைத்தார்கள் என்பதைப் பொம்மையின் மேல் இருக்கும் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பொம்மை என்று நான் சொல்வது துணிப்பொம்மையைத்தான். பழைய சேலையில் ஒரு முழம் கிழித்து, நடுவில் கந்தலைச் சுருட்டி வைத்து, நூலால் கழுத்தை இறுக்கிக் கட்டினால் தலை வந்துவிடும். கரித்துண்டால் கண், குங்குமத்தால் பொட்டு. கையும் காலும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உடல் என்று தனியாக ஒன்று அதற்குக் கிடையாது. புதுத்துண்டு கிடைத்தால் பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே சுற்றுவார்கள். கழற்றினால் உள்ளே ஒன்றும் இருக்காதே! ஐப்பசியில் மெலிந்திருந்த பொம்மை பங்குனிக்குள் நன்றாகப் பருத்துவிடும்.

புல்லிலும் மணலிலும் பாவை செய்து விளையாடிய சிறுமிகள் சங்கப் பாடல்களிலேயே வருகிறார்கள். பஞ்சாய்க் கோரையில் செய்தது பஞ்சாய்ப் பாவை, கடற்கரை மணலில் பிடித்தது வண்டற் பாவை. தமிழ்ப் பிள்ளை கையில் கிடைத்ததைக் கொண்டு பொம்மை செய்வது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். மலையில் கிடைத்தது கந்தல்.

தமிழ்நாட்டில் பொம்மைக்கு உடுத்துவது என்றால் பலருக்கு மரப்பாச்சிதான் நினைவுக்கு வரும். செம்மரத்தில் கடைந்த அந்த ஆண் பெண் ஜோடிக்கு ஒவ்வொரு நவராத்திரிக்கும் புதுப்பட்டு உடுத்திக் கொலுவில் வைப்பார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் அதற்கென்று தைத்த உடைகளே விற்பனைக்கு வருகின்றன. செம்மரம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், பாட்டி வீட்டுப் பழைய ஜோடிக்கு இன்று தனி மதிப்பு. ஆனால் கொலு வைக்கும் வழக்கம் இருந்த வீடுகளிலிருந்து தேயிலை மலைக்கு ஆள் வரவில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து நிலமில்லாத உழைப்பாளிகள்தான் வந்தார்கள். வந்த இடத்தில் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறை. ஒரு குடும்பம் காலை நீட்டிப் படுப்பதற்கே இடம் போதாத அறையில் ஏழு படி எங்கே கட்டுவது? சேர்க்க வேண்டுமானால் முதலில் வைக்க இடம் வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்துச் சிறுமிகளிடம் பொம்மை இருந்தது, பொம்மைகள் இருக்கவில்லை.

கொலு இல்லாவிட்டாலும் சின்ன உருவத்துக்கு எப்படி உடுத்துவது என்று கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது. தோட்டத்து மாரியம்மனுக்கு அலங்காரம் செய்கிற பூசாரிதான் அந்த ஆள். ஆறு முழச் சேலையை ஒன்றரை அடி உருவத்துக்கு எப்படிக் கட்டுகிறார், கொசுவத்தை எங்கே குத்தி எப்படி விசிறியாக விரிக்கிறார் என்பதைத் திருவிழா நாளெல்லாம் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாளே பொம்மையின் இடுப்பில் அந்த விசிறி மடிப்பு வந்துவிடும். மாசியில் காமன் கூத்து ஆடும் தோட்டமென்றால் ரதியின் ஒப்பனையிலிருந்து உதிர்ந்த ஜிகினாவும் வண்ணத்தாளும் கிடைக்கும்.

நகைக்குத் தேயிலையே வழி காட்டியது. அப்போதெல்லாம் தேயிலை பலகைப் பெட்டியில்தான் ஏற்றுமதியானது, பெட்டிக்குள் ஈயத்தாள் விரித்திருப்பார்கள். ஸ்டோரில் வேலை செய்கிற யாராவது கிழிந்த துண்டொன்றைக் கொண்டுவந்தால் பொம்மைக்கு ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, கொலுசு எல்லாம் ஆயிற்று. பின்னாளில் பெட்டி போய்த் தாள் சாக்கு வந்தது, ஒட்டியாணமும் போயிற்று. சிகரெட் பெட்டித் தாள் அதற்கு ஈடாகாது. மற்றச் சாமான்கள் வழியிலேயே கிடைத்தன. யூகலிப்டஸ் மொட்டின் மூடி உதிர்ந்து கிடந்தால் அது தொப்பி, சோடாப்போத்தல் மூடி சோறு வடிக்கும் பானை, தீப்பெட்டி கட்டில். பிள்ளைக்காம்பராவில் தம்பி தங்கைகள் சேலைத் தொட்டிலில் தூங்குவதைப் பார்த்த பிள்ளை, கைலேஞ்சியில் பொம்மைக்கும் ஒரு தொட்டில் கட்டுவாள்.

நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். வைகாசியிலிருந்து தென்மேல் பருவமழையும் காற்றும் பிடித்துக்கொள்ளும், மார்கழி தையில் விடியற்காலையில் பல் கிட்டிக்கும். அம்மா மழைக்குக் கம்பளி போட்டு, இடுப்பில் படங்கு கட்டி மலைக்குப் போனால் பொம்மைக்கும் கம்பளி வேண்டும். கிழிந்த காலுறையை வெட்டினால் கம்பளி. பாண் சுற்றிவந்த பொலித்தீன் படங்கு. முதுகில் ஒரு குட்டிக் கூடை, அதன் கயிறு தலையில். பிறகு பிரட்டுக்களம்: ஒரு பிள்ளை கங்காணி, ஒரு பிள்ளை கணக்கப்பிள்ளை, மற்றவர்களின் பொம்மைகளெல்லாம் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும். கணக்கப்பிள்ளை எப்போதும் நிறுவையில் குறைப்பார். அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி முடங்கி, துணிக்கும் சோற்றுக்கும் தட்டுப்பாடு வந்த ஆண்டுகளில் கந்தலுக்கே போட்டி. கிழிசலை அம்மா சட்டைக்கு ஒட்டுப்போட எடுத்துக்கொள்வாள். தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலம் அது, பொம்மையைப் பற்றி எழுத அதில் அதிகமில்லை.

1977இல் சந்தை திறந்தது. திருவிழாக் கடைகளில் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் பொம்மை வந்து தொங்கியது. படுக்கவைத்தால் கண்ணை மூடும். அதன் தலை கழன்றுவிடும் என்பதும் இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஆனாலும் முதல்முறையாக உடலுள்ள பொம்மை, கழற்றினாலும் உள்ளே ஆளிருக்கும் பொம்மை! உடை வேறு, பொம்மை வேறு என்றானது அப்போதுதான்.

அந்தப் பிரிவினையில் பெருங்காசு இருக்கிறது என்பதை அமெரிக்காவில் ரூத் ஹேண்ட்லர் முன்னமே கண்டுகொண்டிருந்தார். 1959 மார்ச்சில் நியூயோர்க் பொம்மைச் சந்தையில் அவர் அறிமுகப்படுத்திய பார்பி பதினொன்றரை அங்குல உயரம். நீச்சலுடையோடு மூன்று டொலருக்கு விற்றார்கள். மற்ற உடைகளைத் தனித்தனியாக வாங்க வேண்டும், அதில்தான் வியாபாரம். குளிருக்கொரு மேலங்கி, விருந்துக்கொரு கவுன், அதற்கேற்ற கைப்பை, விரல்நுனி அளவு செருப்பு. ஷார்லட் ஜோன்சன் வடிவமைத்த அந்த முதல் உடைகளைத் தைத்தவர்கள் ஜப்பானில் வீட்டிலிருந்தே கூலிக்குத் தைத்த பெண்கள். உடை மாற்றும் பொம்மையின் கதையில் அவர்கள் பெயர் எங்கும் வருவதில்லை.

நம்முடைய மலைக்கு அந்த வகைப் பொம்மை கடை வழியாக வந்ததைவிட வளைகுடா வழியாக வந்ததே அதிகம் என்பது என் எண்ணம். வீட்டுவேலைக்கு வெளிநாடு போன அம்மாமார் அனுப்பிய பொதியில் சவர்க்காரம், போர்வை, பால்மா நடுவே ஒரு பெட்டிப் பொம்மையும் இருக்கும். பார்பியாக இருக்கலாம், பார்பி மாதிரியாக இருக்கலாம். 2003இல் அரபுச் சந்தைக்கு வந்த ஃபுல்லாவாகவும் இருக்கலாம். வெளியே போக அபாயா, வீட்டுக்குள் வேறு உடை, தொழுகை விரிப்பு என்று அந்த ஊர் வாழ்க்கைக்கே செய்த பொம்மை அது. பொதி பிரித்த அன்று ஒரு தடவை பிள்ளை கையில் கொடுப்பார்கள். அதன்பின் பெட்டியோடு, மேலுள்ள பிளாஸ்டிக் கூடக் கிழியாமல், ஷோகேஸுக்குப் போய்விடும். விளையாட விடமாட்டார்கள். அம்மா அனுப்பியதல்லவா, பழுதாகக் கூடாது. பாட்டியிடம் வளரும் பிள்ளை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும். அடுத்த பொதியில் இன்னொன்று வரும், பக்கத்தில் நிற்கும். லயத்தில் பொம்மை சேர்ப்பு தொடங்கியது இப்படித்தான். உலகத்துச் சேகரிப்பாளர்கள் பெட்டி பிரிக்காத பொம்மைக்குத்தான் விலை கூட என்பார்கள். இங்கே பெட்டி பிரிக்காததற்குக் காரணம் வேறு.

இன்றைக்கு மலையில் நிலைமை ஒரே மாதிரியாக இல்லை. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் 10,000 வீடுகள் அறிவித்துவிட்டுப் போனார். தனிவீட்டில் ஹோல் இருக்கிறது, சுவரில் தட்டு இருக்கிறது, தட்டில் டெடிபெயாரும் கவுன் பொம்மையும் இருக்கின்றன. இன்னும் லயத்தில் இருப்பவர்களும் ஏராளம். பாடசாலை வாணி விழாவிலும் தொலைக்காட்சியிலும் பார்த்துப் பார்த்து, இரண்டு படியில் சின்னக் கொலு வைக்கிற வீடுகளும் வந்துவிட்டன. கைபேசியில் பார்த்துக் குரோஷே ஊசியால் பொம்மைக்குத் தொப்பியும் சுவெட்டரும் பின்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலையைக் கண்டால் அந்தக் காலத்துத் தையற்காரர் மெஷினைவிட்டு எழுந்து நின்றுவிடுவார்.

பெட்டிப் பொம்மையோடு வரும் பனிக்கால உடைகள் இந்தத் தீவில் வேறெங்கும் வேடிக்கைதான், இங்கே மட்டும் பொருந்துகின்றன. கொழும்பில் ஃபர் வைத்த மேலங்கியை யார் போடுவது? நுவரெலியா பேல் பஸாரில் குவிந்திருக்கும் குளிர்ச்சட்டைகளில் நிறைய இந்த நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுப் பனிக்காலத்துக்கென்று தைத்து மிஞ்சியவை. 1992இல் 200 தொழிற்சாலைத் திட்டம் வந்த காலம் தொட்டு, நம் பெண்பிள்ளைகளும் தோட்டத்தை விட்டு அந்த மெஷின்களுக்குப் போனார்கள். கோடையில் உட்கார்ந்து யாரோ ஒருவரின் பனிக்காலத்தைத் தைத்தார்கள். அதில் விழும் வெட்டுத்துண்டு கால்மிதியாகி விற்பனைக்குப் போகிறது. வாசலில் நின்று கேட்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

விலையையும் சொல்லியாக வேண்டும். 2021இல் போராடி 1,000 ரூபாயான நாள் சம்பளம் 2024இல் 1,350 ஆயிற்று. பேர்போன கம்பனிப் பொம்மை ஒன்றை உடைகளோடு வாங்கப் பல நாள் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே டவுன் கடையில் போவது பேரில்லாத பொம்மைதான், அதன் உடையில் தையலுக்குப் பதில் பசை.

இவையெல்லாவற்றையும்விட எனக்கு விசித்திரமாகப் படுவது இன்னொரு பொம்மை. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வழியில், தேயிலை விற்கும் கடைகளில், சுற்றுலாக்காரருக்கென்று நிற்கிற கொழுந்து பறிக்கும் பெண். சிவப்போ பச்சையோ சேலை, தலையில் முக்காடு, முதுகில் பிரம்புக் கூடை, நெற்றியில் பொட்டு. வேலைப்பாடு மோசமில்லை, கூடைக் கயிறு கூடச் சரியாகத் தலையில்தான் இருக்கிறது. டில்லியில் சங்கர் பிள்ளை 1965இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகத்தில் சுமார் 85 நாடுகளின் 6,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் இருக்கின்றன. உடையைப் பார்த்தே நாட்டை அடையாளம் காணச் செய்வது அந்தக் கலையின் இலக்கணம். அந்த இலக்கணப்படி மலையகப் பெண்ணுக்கு ஒரே உடைதான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கடைக்கு எதிரே மலையில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். டீசேர்ட், அதன் மேல் மகனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். பிரம்புக் கூடைக்குப் பதில் வலைப்பை. சில தோட்டங்களில் கையில் கத்திரியும் வந்துவிட்டது. கம்பளி போய்க் காலமாயிற்று. கம்பளைக்கு அருகே பீக்கொக் தோட்டத்துப் பழைய லயத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அந்தக் காலத்து வேலைக் கருவிகளையும் வீட்டுச் சாமான்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அது பழையது என்று சொல்லித்தான் காட்டுகிறது. கடைப்பொம்மை அப்படிச் சொல்வதில்லை. படம்பிடிக்க வரும் பயணிகளுக்காகக் கூடையும் நல்ல சேலையுமாக வீதியோரத் தேயிலையில் நின்று நூறு, இருநூறு வாங்கிக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளத்தைப் பார்த்தால் அது நல்ல வேலை.

பொம்மைக்கு இன்றைய உடையைத் தைப்பது ஒன்றும் கடினமில்லை. டீசேர்ட்டுக்கு ஒரு சாண் பனியன் துணி, தொப்பிக்கு ஒரு துண்டு டெனிம், கொழுந்துப் பைக்கு வெங்காயம் வந்த வலை. மழைக்குப் போட ஒரு பொலித்தீன் கோட். கொட்டகலையில் எந்தத் தையற்கடையின் காலடியிலும் இவ்வளவும் கிடைக்கும். செய்து கடையில் வைத்தால் போகாது என்கிறார்கள், வாங்குகிறவர்கள் சேலையைத்தான் கேட்கிறார்களாம்.